லேப்டாப் கொதிக்கிறது, வழி சொல்லுங்கள்

யாங்கோன் உறவுகளுக்கு வணக்கம். தங்கை தமிழ் வகுப்புப் பாடங்களைத் தட்டச்சு செய்யும் லேப்டாப் அரை மணி நேரத்தில் கொதித்து, தானாகவே அணைந்துவிடுகிறது. ப்ராசஸர் சூடு 97 டிகிரி வரை போவதைப் பார்த்தேன். ஏப்ரல் வெயில் வேறு, கரண்ட் போனால் மின்விசிறியும் இல்லை. மெத்தையில் வைப்பதை நிறுத்தி, காற்றுத் துளைகளைத் தூரிகையால் துடைத்தும் கொஞ்சம்தான் குறைந்தது. உள்ளே ஃபேனில் தூசி அடைத்து, ப்ராசஸர் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையும் காய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல் உள்ளே இருக்கும் மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு நாமே பேஸ்ட் மாற்றலாமா? நல்ல பேஸ்ட் எங்கே கிடைக்கும்? செய்து பார்த்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குக் கடைகள் அடைப்பதற்குள் வாங்கியாக வேண்டும்.