கேலக்ஸி ஏ35-க்கு 2,000 ரூபாய்க்குள் சார்ஜர், கேபிள், கிளாஸ், கவர்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் எதைப் பார்த்து வாங்குவது?

விழுப்புரத்தான்

வணக்கம். ஃபோன் சாம்சங் கேலக்ஸி ஏ35. பாக்ஸில் ஒரு மீட்டர் சி டு சி கேபிள் இருக்கிறது, சார்ஜர் இல்லை. வேண்டியவை: சார்ஜர், கட்டில் வரை எட்டுகிற 2 மீட்டர் கேபிள், டெம்பர் கிளாஸ், கவர், பழைய 3.5 எம்.எம். இயர்ஃபோனை மாட்ட ஒரு கன்வெர்ட்டர். மொத்தம் 2,000 ரூபாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னை வரும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்க யோசனை.

சந்தேகங்கள்:
65 வாட் சார்ஜர் மலிவாகக் கிடைத்தால் போடலாமா, பேட்டரி கெட்டுவிடுமா? கேபிளில் 60 வாட், 100 வாட் என்று போட்டிருப்பதில் எது போதும்? கிளாஸில் 9ஹெச், 11டி என்கிறார்களே, வித்தியாசம் உண்டா?

சாலிடர்_வாசம்

முதலில் கிழமையை மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலும் ஷட்டர்தான். எழும்பூரில் இறங்கினால் மெட்ரோவில் சென்ட்ரல் போய் வண்டி மாறி, அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

இப்போது சார்ஜர். வாட் எண்ணை மறந்துவிடுங்கள். சார்ஜரின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சடித்த 'அவுட்புட்' வரிதான் முக்கியம். உங்கள் ஃபோன் 25 வாட் இழுக்க வேண்டுமானால் யூஎஸ்பி பிடி (பவர் டெலிவரி என்கிற பொதுவான வேக சார்ஜிங் முறை) மட்டும் போதாது, அதற்குள் பிபிஎஸ் என்கிற வசதியும் இருக்க வேண்டும். சாதாரண பிடி சார்ஜர் 5, 9 வோல்ட் என்று குறிப்பிட்ட சில அளவுகளில்தான் தரும். பிபிஎஸ் இருந்தால் ஃபோன் கேட்கிற வோல்டேஜைச் சிறுசிறு அடியாக ஏற்றி இறக்கித் தரும். சாம்சங்கின் 25 வாட் சார்ஜரில் இருக்கும் வரி இப்படி:

5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2.77 ஆம்பியர், பிபிஎஸ்: 3.3–5.9 வோல்ட் 3 ஆம்பியர், 3.3–11 வோல்ட் 2.25 ஆம்பியர்.

வேறு கம்பெனி சார்ஜர் வாங்கினாலும் '3.3–11 வோல்ட்' மாதிரி ஒரு இடைவெளி அச்சாகியிருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் டப்பாவில் எத்தனை வாட் போட்டிருந்தாலும் உங்கள் ஃபோனில் 15 வாட் அளவில் நின்றுவிடும்.

65 வாட் போட்டால் பேட்டரி கெடாது. எவ்வளவு இழுப்பது என்பதை ஃபோன்தான் முடிவு செய்கிறது. ஆனால் மலிவாகக் கிடைக்கிற 65 வாட் பல சமயம் வேறு கம்பெனி ஃபோனோடு வந்த சார்ஜராக இருக்கும். வாய் அகலமான டைப்-ஏ, வரியில் '10 வோல்ட் 6.5 ஆம்பியர்' என்று இருக்கும். அந்த வேகம் அந்தக் கம்பெனி ஃபோனுக்கும் கேபிளுக்கும் மட்டும். உங்களுக்குப் பெரும்பாலும் பழைய 10 வாட் வேகம்தான் கிடைக்கும். இரண்டு போர்ட் சார்ஜரிலும் ஒன்று கவனியுங்கள்: இரண்டிலும் ஒரே நேரத்தில் மாட்டினால் மொத்த வாட் பங்கு பிரியும், சிலவற்றில் பிபிஎஸ்ஸே நின்றுவிடும்.

அடுத்தது பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு. இந்தியாவில் மொபைல் சார்ஜருக்குப் பதிவு கட்டாயம். பிஐஎஸ் முத்திரையோடு 'ஆர்-' என்று தொடங்கி எட்டு இலக்க எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் ஆர் எண்ணைச் சரிபார்க்கும் பகுதியில் அதைப் போடுங்கள். எண் இருக்கிறது என்று வந்தவுடன் காசை எடுத்து நீட்டிவிடாதீர்கள். பிராண்ட் பெயரும் பொருள் வகையும் கையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எங்கோ ஒரு இயர்பட்ஸுக்கு வாங்கிய எண்ணை சார்ஜரில் அச்சடித்தால் இந்த இடத்தில்தான் மாட்டும்.

அதிகப் பணம் இதற்கே ஒதுக்குங்கள், ஆயிரத்தை ஒட்டி. 230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் நிற்பது இந்தப் பெட்டிதான். 'ஒரிஜினல் சாம்சங், 250 ரூபாய்' என்றால் அது ஒரிஜினல் இல்லை, அவ்வளவுதான்.

செம்புக்கம்பி

கேபிள் பற்றி மட்டும் சொல்கிறேன்.

25 வாட்டுக்கு 60 வாட் சி டு சி போதும். 60 வாட் என்பது 20 வோல்ட் 3 ஆம்பியர், உங்களுக்குத் தேவை 3 ஆம்பியருக்குள். 100 வாட் கேபிள் 5 ஆம்பியருக்கானது, தலையில் கேபிளின் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் இருக்கும். 45 வாட் சாம்சங் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது தேவை.

உங்கள் விஷயத்தில் சிக்கல் நீளம். கேபிளின் தோலில் சில சமயம் '28ஏடபிள்யூஜி/1பி, 24ஏடபிள்யூஜி/2சி' என்று அச்சிருக்கும். ஏடபிள்யூஜி என்பது கம்பித் தடிமனின் அளவு. முன்னது டேட்டா ஜோடி, பின்னது கரண்ட் போகும் இரண்டு கம்பிகள். எண் குறைந்தால் கம்பி தடிமன். 28-ஆம் எண் செம்புக்கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். 2 மீட்டர் கேபிளில் கரண்ட் போய் வர 4 மீட்டர், ஆக 0.85 ஓம். 2.77 ஆம்பியர் போனால் 2.3 வோல்ட் வழியிலேயே சூடாகப் போய்விடும். சார்ஜர் 9 கொடுத்தாலும் ஃபோன் வாசலில் 6.7 தான். ஃபோன் அதைக் கண்டுபிடித்து இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். நாம் சார்ஜரைத் திட்டுவோம். அதே நீளத்தில் கரண்ட் கம்பி 22-ஆம் எண்ணாக இருந்தால் இழப்பு 0.6 வோல்ட்டோடு நிற்கும். அதனால் 2 மீட்டர் வேண்டுமென்றால் பென்சில் லீட் மாதிரி ஒல்லிக் கேபிள் வேண்டாம். கட்டிலுக்கு ஒன்றரை மீட்டர் எட்டினால் அதையே வாங்குங்கள், இன்னும் நல்லது.

நைலான் பின்னல் அழகுக்கு. உள்ளே என்ன கம்பி என்பதைப் பின்னல் மறைத்துவிடும். பார்க்க வேண்டியது கழுத்து, அதாவது பின்னும் வயரும் சேருகிற இடம். அங்கே வளைகிற ரப்பர் குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டராவது இருக்கட்டும். கேபிள் சாவது எப்போதும் அங்கேதான்.

காந்த முனை கேபிள் பக்கம் போகவே வேண்டாம். பலவற்றில் பிடி பேச்சுவார்த்தைக்கான சிசி கம்பியே இருக்காது, 5 வோல்ட்டோடு நின்றுவிடும். காந்தம் இரும்புத்தூளையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

கடையிலேயே சோதிக்க: பேட்டரி 30, 40 சதவீதத்தில் இருக்கிற மாதிரி போங்கள். 80-க்கு மேல் எந்த சார்ஜரும் மெதுவாகத்தான் போகும், சோதனைக்கு அர்த்தமில்லை. மாட்டி, திரையை அணைத்து, மறுபடி தொட்டால் 'சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங்' என்று வர வேண்டும். வெறும் 'ஃபாஸ்ட்' என்றால் பிபிஎஸ் இல்லை, அல்லது செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் அது அணைந்து கிடக்கிறது. பாக்ஸில் வந்த கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். சார்ஜரை முதலில் அதில் சோதித்து, பிறகு புதுக் கேபிளுக்கு மாறினால் குறை எதில் என்று சண்டை வராது. பின்னைத் திருப்பிப் போட்டும் பாருங்கள்.

இதைப் படிக்கிற பழைய ஃபோன்காரர்களுக்கு: ஒரு பக்கம் மட்டும் ஏறுகிறது, ஆட்டினால் ஏறுகிறது என்றால் உடனே கேபிள் வாங்க ஓடாதீர்கள். பின் முழுசாக உட்காராமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால் போர்ட்டுக்குள் பாக்கெட் பஞ்சு. ஃபோனை அணைத்துவிட்டு மரப் பல்குத்தியால் ஓரமாக நெம்பினால் உருண்டையாக வரும். ஊசி, சிம் பின் போட்டுக் குத்தாதீர்கள், நடு நாக்கு உடைந்தால் போர்டு வேலை.

கிளாஸ்_ஒட்டறவன்

ப்ரோ, கிளாஸ், கவர் ரெண்டுக்கும் நான் சொல்றேன்.

9ஹெச்ங்கிறது பென்சில் கீறல் சோதனை. 9ஹெச் பென்சில்ல கீறினா கோடு விழாதுன்னு அர்த்தம். மண்ணுல இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியை விடக் கடினம், அது கீறத்தான் செய்யும். 11டி, 21டி எல்லாம் விக்கிறவங்க வெச்ச பேரு. 2.5டி மட்டும் ஓரம் வளைச்சு தேய்ச்சதைச் சொல்றது, அது நிஜம். நீங்க கேக்க வேண்டியது 'ஃபுல் க்ளூவா, ஓரத்துல மட்டும் க்ளூவா'ன்னுதான். ஓர க்ளூன்னா நடுவுல காத்து நிக்கும், டச் சரியா எடுக்காது, கைரேகையும் தகராறு பண்ணும். தூசி வேற உள்ள போகும்.

ஏ35 திரை தட்டை. அதனால யூவி பசை கிளாஸ் (திரவப் பசை ஊத்தி யூவி லைட்ல காய வைக்கிறது) தேவையே இல்ல. அந்தப் பசை தண்ணி மாதிரி ஓடும், மேல ஸ்பீக்கர் வலைக்குள்ள இறங்கிட்டா குரல் கம்மிடும்.

இதுல கைரேகை சென்சார் திரைக்குக் கீழ, ஒளியில படிக்கிற வகை. தெளிவான 0.33 எம்.எம். கிளாஸ்ல வேலை செய்யும், பக்கத்துல இருந்து பாத்தா இருட்டா தெரியுற பிரைவசி கிளாஸ்னா தொல்லை. ஒட்டின பிறகு பழைய ரேகையை அழிச்சிட்டு, ஒரே விரலை ரெண்டு தடவை பதிஞ்சிடுங்க. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல டச் சென்சிடிவிட்டியையும் ஆன் பண்ணுங்க.

வீட்லயே ஒட்டறதா இருந்தா ஃபேனை நிறுத்துங்க. பாத்ரூம்ல சுடுதண்ணி திறந்துவிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு ஒட்டினா தூசி அடங்கியிருக்கும். ஈரத்துணி, உலர்துணி, கடைசியா தூசி ஸ்டிக்கர். நடுவுல ஒரு அழுத்து, பசை தானா ஓடிப் பரவும். தூசி மாட்டினா ஒரு மூலையை டேப் போட்டுத் தூக்கி, இன்னொரு டேப்பால தூசியை எடுங்க, ஊதாதீங்க.

கவர் வாங்கும்போது ஒரு உஷார்: ஏ35, ஏ55 ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. அளவுல ஒரு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் வராது, ஆனா ஏ55 கவரை ஏ35-க்கு அமுக்கிப் போட்டா கவர் ஓரம் கிளாஸை நெம்பும். நாலு நாள்ல ஓரத்துல வெள்ளைக் குமிழி. கடையில 'ரெண்டுக்கும் ஒண்ணுதான்'னு சொன்னா அடுத்த கடைக்குப் போங்க. டிரான்ஸ்பரன்ட் கவர் எப்படியும் மஞ்சளாகும், 150-க்கு மேல கொடுக்காதீங்க. கவரைப் போட்டு ஃபோனைக் கவுத்து வைங்க, திரைக்கும் மேஜைக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையணும். கேமரா பக்கமும் அதே கணக்கு.

விழுப்புரத்தான்

ரொம்ப நன்றி. சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். கன்வெர்ட்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே? 60 ரூபாய்க்கும் இருக்கிறது, 400-க்கும் இருக்கிறது.

சாலிடர்_வாசம்

60 ரூபாய் கன்வெர்ட்டரில் வெறும் கம்பிதான், சிப் கிடையாது. டைப்-சி வழியாக நேரடியாக அனலாக் ஒலியை வெளியே விடுகிற ஃபோன்களில் மட்டும் பாடும். உங்கள் ஃபோன் டிஜிட்டலாகத்தான் அனுப்பும். அதனால் 'டிஏசி உள்ளது' (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் சிப்) என்று போட்டதாகப் பாருங்கள். இயர்ஃபோனையும் எடுத்துப் போங்கள். பாட்டு மட்டும் கேட்டுத் திருப்தியாகிவிடாமல் ஒரு கால் போட்டு மைக்கும் எடுக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பில் கேளுங்கள். துண்டுச்சீட்டில் 'எஸ்டிமேட்' என்று எழுதித் தந்தால் ஆறு மாதம் கழித்து வாரண்டி பேச முடியாது. சார்ஜரின் மாடல் எண் பில்லில் இருக்கட்டும். கேபிள், கிளாஸ், கன்வெர்ட்டருக்கு அங்கே பெரும்பாலும் கடை வாசலோடு வாரண்டி முடிந்தது. அதனால் பையில் போடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.