கோர்தோபா தூண்களும் செவில்லா மெழுகும்: என் ஸ்பெயின் அனுபவம்

ஸ்பெயின் போய் வருகிறவர்களில் பலர் பார்சிலோனாவில் இறங்கி பார்சிலோனாவிலேயே ஏறிவிடுகிறார்கள். கட்டடக் கலைஞர் கௌடி கட்டியதைப் பார்த்தாச்சு, கடற்கரையில் படம் எடுத்தாச்சு, கதை முடிந்தது. என்னைக் கேட்டால் தெற்கே அந்தலூசியாவுக்குப் போங்கள் என்பேன். ஒரு காலத்துக் கட்டடத்தை அடுத்த காலத்தவர் இடிக்காமல், அதன் மேலேயும் உள்ளேயும் கட்டிக்கொண்டே போனதை அங்கே கண்ணால் பார்க்கலாம். எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டால் ஊர் சுற்றுவதே வேறு மாதிரி ஆகிவிடும்.

நான் ஜெர்மனியில் கட்டுமானப் பொறியியல் முதுகலை படிக்கிறேன். ஈஸ்டர் விடுமுறையில், கூடப் படிக்கும் திருநெல்வேலி நண்பனோடு கிளம்பினேன். மலிவு விமானம், முதுகுப்பை, பலர் படுக்கும் விடுதி அறை என்று மாணவர் கணக்கில்தான் எல்லாம். நண்பன் சுத்த சைவம். அது பின்னால் வரும் ஒரு கூத்துக்குத் தேவைப்படும்.

செவில்லாவில் நாங்கள் இறங்கியது புனித வாரத்தில். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் இயேசு, மாதா திருவுருவங்களை அலங்கார மேடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பேராலயம் வரை ஊர்வலம் போகிறார்கள். மேடைக்கு அடியில் துணித் திரைக்குள் ஆட்கள் மறைந்து நின்று, பிடரியில் பாரம் தாங்கி நடக்கிறார்கள். அவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. முன்னால் நிற்கும் தலைவர் ஒரு உலோகத் தட்டியால் தட்டினால் தூக்குவார்கள், தட்டினால் இறக்குவார்கள். குறுகலான சந்து மூலையில் அந்த மேடை அங்குலம் அங்குலமாகத் திரும்பியபோது என் நண்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். “மச்சான், நெல்லையப்பர் தேர் வாகையடி முக்கு திரும்புற மாதிரியே இருக்குடா!” என்றான். திரும்பி முடிந்ததும் கூட்டம் கைதட்டியது. நாங்களும் தட்டினோம்.

ஊர்வலத்தில் கூம்புத் தொப்பி போட்டு முகத்தை மறைத்தவர்கள் நீளமான மெழுகுவத்தி பிடித்து வருவார்கள். ஊர்வலம் நிற்கும்போதெல்லாம் ஓரத்தில் நிற்கும் சிறுபிள்ளைகள் ஓடிப்போய், அலுமினியத் தாளைச் சுருட்டிச் செய்த உருண்டையை நீட்டுகிறார்கள். மெழுகுவத்திக்காரர் வத்தியைச் சாய்த்துச் சொட்ட விடுகிறார். வருடா வருடம் சேர்த்தால் உருண்டை பெரிதாகுமாம். எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு பையன் தன் உருண்டையை என் கையில் கொடுத்துக் காட்டினான். வெள்ளை, சிவப்பு, கருநீலம் என்று அடுக்கடுக்காக நிறம், இன்னும் வெதுவெதுப்பு போகவில்லை. மறுநாள் பார்த்தால் தெருவெல்லாம் மெழுகு. கார்கள் திரும்பும்போது சக்கரம் கீச்சிடுகிறது, நம் செருப்பும் கீச்சிடுகிறது. ஊர்க்காரர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

இந்த வாரத்தில் போவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பாதித் தெருக்களை அடைத்துவிடுவார்கள், அறை வாடகை ஏறிவிடும், பேராலயத்துக்குள் போகும் நேரமும் மாறும். அதனால் ஹிரால்டா கோபுரத்தில் ஏற நாங்கள் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. காத்ததற்குப் பலன் உண்டு. முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில், 1198இல் முடிந்த பள்ளிவாசல் மினாரா அது. கீழே பெரும்பாலும் செங்கல், மேலே 16ஆம் நூற்றாண்டில் எர்னான் ரூயிஸ் வைத்த மணிக்கூண்டு. உள்ளே படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம், மொத்தம் 35 சாய்தளங்கள். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலோ கழுதையிலோ ஏறிப் போக வசதியாக அப்படிக் கட்டினார்கள் என்கிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் எண் போட்டிருக்கிறது. எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி பேரனோடு ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறினார். இருபத்தைந்துக்குள் எங்களுக்கும் ஸ்பானிய எண்கள் மனப்பாடம்.

பக்கத்திலேயே அல்காசர் அரண்மனை. இதை முஸ்லிம் மன்னர் கட்டியது என்று நினைத்துக்கொண்டே பலரும் பார்த்துவிட்டு வருகிறார்கள். இப்போது நிற்கும் முக்கியப் பகுதி 1360களில் காஸ்தீலின் கிறிஸ்தவ மன்னர் பேத்ரோ கட்டியது. முகப்பைக் கிட்ட நின்று பாருங்கள். மன்னர் பெயரும் பட்டமும் கோதிக் எழுத்தில் ஓரத்தில் ஓடுகின்றன. நடுவில் நீல வெள்ளை ஓடுகளில் “அல்லாஹ்வைத் தவிர வெல்பவர் வேறு யாருமில்லை” என்ற அரபு வாசகம். அது கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் அரச குடும்பமான நஸ்ரி வம்சத்தின் முத்திரை வாக்கு! பேத்ரோவும் கிரனாடாவின் ஐந்தாம் முகம்மதுவும் கூட்டாளிகள். முகம்மது இழந்த அரியணையை 1362இல் திரும்பப் பிடிக்க பேத்ரோ உதவினார். கிரனாடாவிலிருந்து கைவினைஞர்கள் இங்கே வந்து வேலை செய்தார்கள். பள்ளிப் பாடத்தில் படித்த மதப்போர்க் கதையை வைத்துக்கொண்டு இந்த வாசல் முன்னால் நின்றால் தலை சுற்றும்.

அங்கிருந்து ரயிலில் கோர்தோபா. மெஸ்கித்தா, அதாவது பள்ளிவாசல், என்று இன்றும் ஊர் சொல்வது, இன்று ஒரு கத்தோலிக்கப் பேராலயம். காலை 8:30க்கு ஒரு மணி நேரம் கட்டணமில்லாமல் விடுகிறார்கள், ஞாயிறு கிடையாது. கூட்டமும் குறைவு. நேரம் முடிந்ததும் காவலர்கள் நயமாகத் தள்ளிக்கொண்டே வந்து வெளியேற்றிவிடுவார்கள். நாங்கள் மறுபடி சீட்டு வாங்கி உள்ளே போனோம், அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

கண்ணுக்கு எட்டிய தூரம் தூண். 850க்கு மேல் இருக்கின்றன. கோர்தோபாவை ஆண்ட முதல் அப்துர் ரஹ்மான் 780களில் இந்தப் பள்ளிவாசலைத் தொடங்கியபோது, புதிதாகத் தூண் செதுக்காமல் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், முஸ்லிம்களுக்கு முன் ஆண்ட விசிகோத்துகளின் கட்டடங்களிலிருந்தும் எடுத்து வந்து நட்டார்கள். அதனால் பழைய பகுதியில் பக்கத்துப் பக்கத்துத் தூண்களே ஒத்துப்போகாது. ஒன்று சாம்பல், அடுத்தது இளஞ்சிவப்பு, ஒன்று வழுவழுப்பு, இன்னொன்றில் வரிவரியாகச் செதுக்கல். மேலே இருக்கும் தலைப்பகுதியும் ஆளுக்கொரு தினுசு. எடுத்து வந்த தூண்களோ உயரம் போதாதவை. அத்தனை பெரிய கூடத்துக்குக் கூரை தலையில் இடிக்கிற மாதிரி ஆகிவிடும். அதற்கு அந்தக் கொத்தர்கள் கண்ட வழிதான் இரட்டை வளைவு. தூணின் மேல் ஒரு லாட வளைவு, அதற்கு மேல் இன்னொரு வளைவு. கூரையின் பாரம் மேல் வளைவில். கீழ் வளைவு ஒன்றையும் தாங்கவில்லை, ஒல்லித் தூண்கள் சரிந்துவிடாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வைத்தது. இரண்டுக்கும் நடுவே வெட்டவெளி. பாடப்புத்தகத்தில் படம் பார்த்தபோது அலங்காரம் என்று தோன்றும், நேரில் அண்ணாந்து பார்க்கும்போதுதான் அது முழுக்க முழுக்கக் கணக்கு என்று புரியும்.

வளைவுகளில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வருமே, அது செங்கல்லும் கல்லும். கிழக்குப் பக்கம் நடந்துகொண்டிருந்த நண்பன் திடீரென்று கூப்பிட்டான். “டேய் இங்க வா. இது செங்கல் இல்லடா, பெயிண்ட்டு!” நிஜம்தான். 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமைச்சர் அல்மன்சோர் கூடத்தைப் பெரிதாக்கியபோது வளைவுகளை முழுக்கக் கல்லிலேயே கட்டிவிட்டு, சிவப்புப் பட்டைக்கு வண்ணம் பூசிவிட்டார்கள். தெற்கே ஆறு, மேற்கே அரண்மனை, அதனால் கிழக்கே மட்டும்தான் நீட்ட முடிந்தது. தொழுகை மாடம் அதனால் கட்டடத்தின் நடுவிலிருந்து ஒதுங்கிப்போய்விட்டது. பரப்பளவு எக்கச்சக்கமாகக் கூடியது, வேலைப்பாடு குறைந்தது. அரசு ஒப்பந்த வேலை எந்த நூற்றாண்டிலும் ஒன்றுதான் போல.

அப்புறம் அந்தப் பேராலயம். தூண் காட்டுக்கு நடுவில் திடீரென்று கூரை பிளந்து, வெள்ளை வெளேரென்று ஒரு முழு தேவாலயம் எழுகிறது. ஊர் 1236இலேயே கிறிஸ்தவர் கைக்கு வந்துவிட்டாலும், இதைத் தொடங்கியது 1523இல். நகர சபை கடுமையாக எதிர்த்தது. மன்னர் ஐந்தாம் கார்லோஸ் அனுமதி கொடுத்தார். பின்னால் நேரில் வந்து பார்த்து, உலகில் எங்குமே இல்லாததை அழித்துவிட்டீர்களே என்று வருந்தினார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை உண்மையோ இல்லையோ, எனக்குக் கோபம்தான் வந்தது. நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த தேவாலயம் உள்ளே புகுந்ததால்தான் மீதி தப்பித்தது, இல்லையென்றால் என்றைக்கோ மொத்தமாக இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள் என்பது அவன் கட்சி. செவில்லாவில் பெரிய பள்ளிவாசலுக்கு அதுதானே நடந்தது, மினாராவும் முற்றமும் மட்டும்தானே மிச்சம் என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

கோர்தோபாவில்தான் அந்தச் சைவக் கூத்து. இறைச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னோம். பரிமாறுபவர் தலையாட்டிவிட்டுக் கொண்டுவந்த சாலட்டின் உச்சியில் சூரை மீன். மீன் இறைச்சி இல்லையே என்று அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம். எடுத்துப் போய்விட்டு அடுத்து ஒரு தக்காளிக் குளிர் சூப் கொண்டுவந்தார், மேலே பொடிப்பொடியாகப் பன்றித் தொடை. “அது சும்மா அலங்காரத்துக்கு” என்றார். கடைசியில் சமையற்கட்டிலிருந்து ஒரு அம்மா வந்து, நண்பனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கத்தரிக்காயை வட்டமாக நறுக்கி மொறுமொறுவென்று பொரித்து, கரும்புப் பாகு ஊற்றிக் கொடுத்தார். கத்தரிக்காய்க்கு இனிப்பா என்று முறைத்தவன் இரண்டாவது தட்டு கேட்டான். சைவக்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள், கோர்தோபாவில் இது எங்கும் கிடைக்கும்.

கிரனாடாவின் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனை பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். சிங்க முற்றத்தில் சிங்கங்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நீங்கள் தூண்களுக்குப் போங்கள். 124 ஒல்லித் தூண்கள். தூண் தண்டும் மற்ற பாகங்களும் சேருமிடத்தில் மெல்லிய ஈயத் தகடு வைத்திருக்கிறார்கள். அசைவையும் அழுத்தத்தையும் அது வாங்கிக்கொள்ளும். மேலே சரிகை மாதிரித் தெரிவது கல்லே இல்லை, சுண்ணச் சாந்தும் ஜிப்சமும்தான். இரண்டாவது, அதே வளாகத்தில் நிற்கும் கார்லோஸ் அரண்மனை. கோர்தோபாவுக்காக வருந்தியதாகச் சொல்லப்படும் அதே மனிதர் 1527இல் இங்கே நஸ்ரி அரண்மனைகளை ஒட்டித் தனக்கொன்று தொடங்கினார்! வெளியே சதுரம், உள்ளே நுழைந்தால் வட்ட முற்றம். திட்டுவதற்குத் தயாராகத்தான் போனேன். முற்றத்தின் நடுவில் நின்று ஒருவர் கை தட்ட, சத்தம் சுற்றிவந்து காதில் விழுந்தபோது திட்ட மனம் வரவில்லை. அவர் அதில் ஒரு நாளும் குடியிருக்கவில்லை. கூரையே 20ஆம் நூற்றாண்டில்தான் முடிந்தது.

பார்சிலோனாவை ஓட்டமாகத்தான் பார்த்தோம். கௌடியின் சாக்ரதா ஃபமிலியா தேவாலயத்துக்கு மாலையில் போங்கள், மேற்குப் பக்கக் கண்ணாடிகள் சிவப்பும் ஆரஞ்சுமாக எரியும். வெளியே பழைய கல் கறுத்தும் புதிய கல் வெளுத்தும் இருப்பதை வைத்து 1882இலிருந்து நடக்கும் வேலையின் வயதைக் கண்ணாலேயே படிக்கலாம். ஒரே ஒரு புலம்பல்: பொறியாளர் செர்தா 1859இல் வரைந்த நகரத் திட்டப்படி கட்டிய பகுதியில் ஒவ்வொரு தெரு முனையையும் மூலைவெட்டாக வெட்டியிருக்கிறார்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் அழகோ அழகு. முதுகுப்பையோடு நேராக நடந்து போகிறவன் மட்டும் ஒவ்வொரு சந்திப்பிலும் உள்ளே ஒடிந்து வெளியே வர வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில தகவல். அல்ஹம்ப்ராவில் நஸ்ரி அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டு, தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். சீட்டு வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். மாணவர் அட்டையை எங்கே போனாலும் நீட்டுங்கள், பல இடங்களில் சலுகை உண்டு. மாட்ரிட் வழியாகத் திரும்பினால் செகோவியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோமானியர் சாந்தே இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய நீர்ப்பாலம் ஊர் நடுவில் 28 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அதில் 36 வளைவுகள் 15ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியவை, எவை என்று தேடிப் பாருங்கள். அதிவேக ரயிலில் போனால் நிலையம் ஊருக்கு வெளியே வெட்டவெளியில் இருக்கிறது, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டும். மாட்ரிட்டிலிருந்தே பேருந்தில் போனால் ஊருக்குள்ளேயே இறக்கிவிடுவார்கள், காசும் மிச்சம்.