மறு: இஎம் குறிச்சொல்லுக்குத் தமிழ் – சாய்வெழுத்தா, ஊன்றலா?

> இஎம், ஐ இரண்டும் திரையில் ஒரே மாதிரிதானே தெரிகின்றன? இரண்டுக்கும் 'சாய்வெழுத்து' போதுமே.

வணக்கம் ஐயா. இஎம் (em), ஐ (i) இரண்டும் வலைப்பக்கம் எழுதும் எச்.டி.எம்.எல். மொழியின் குறிச்சொற்கள்; நம் கலைச்சொல் பட்டியலுக்கு அவற்றின் தமிழ்ப் பெயர்களைத் தேடுகிறோம். திரையில் தெரிவது ஒன்றுதான். ஆனால் 'ஐ' இட்டாலிக்கிலிருந்து வந்தது. அதற்குச் சாய்வெழுத்து பொருந்தும். இஎம், வாசிக்கும் குரல் எந்தச் சொல்லில் ஊன்ற வேண்டும் என்று சொல்கிறது. அதைச் சாய்த்துக் காட்டுவது உலாவியின் வழக்கம் மட்டுமே. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ்.ஸில் ஒரு வரி எழுதினால் நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த எழுத்தையும் சாய்வெழுத்து என்றா அழைப்பது?

தமிழில் இந்தச் சிக்கல் கூடுதல். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. நேர் எழுத்தையே உலாவி சரித்துவிடுகிறது. சிறிய அளவில் ணகரமும் ஞகரமும் அப்படிச் சரிந்து கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் பக்கங்களில் இஎம் வரும் இடங்களை நிமிர்த்தி, நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

> அப்படியானால் 'அழுத்தம்' என்று வைக்கலாமா?

அம்மா, 'அழுத்திச் சொன்னார்' என்பது நல்ல வழக்குத்தான். ஆனால் அதே பக்கத்தில் 'பொத்தானை அழுத்தவும்' என்றும் எழுதுகிறோமே! புதிதாகக் கற்கும் மாணவர் குழம்புவார். தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் ஒன்றான 'தேற்றம்' எனக்கு மிகவும் பிடித்தது. அதைக் கணிதம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே 'ஊன்றல்' என்று முன்மொழிகிறேன்.

ஏகாரத்தைத் தொட்டதால் இன்னொன்று. ஆங்கிலம் குரலை ஏற்றிச் சொல்வதைத் தமிழ் பெரும்பாலும் சொல்லிலேயே வைத்துவிடுகிறது: 'நானே வந்தேன்', 'நேற்றுத்தான் வந்தேன்'. ஆங்கிலப் பக்கத்தைத் தமிழாக்கும்போது இஎம் இருந்த இடத்தில் ஏகாரமோ 'தான்' என்பதோ வந்துவிட்டால், குறிச்சொல்லை எடுத்துவிடலாம். இரண்டும் சேர்ந்தால் மிகை.

இன்னொரு குறிச்சொல்லான ஸ்ட்ராங்குக்குப் (strong) பழைய பட்டியலில் உள்ள 'கூடுதல் அழுத்தம்' அந்தக் காலத்துக்குச் சரி. 1997-இல் வந்த எச்.டி.எம்.எல். 4 அதை இஎம்மைவிட வலுவான அழுத்தம் என்றே விளக்கியது. 2014-இல், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையான எச்.டி.எம்.எல். 5-இல் பொருள் மாறியது: முக்கியத்துவம், அவசரம், எச்சரிக்கை. 'முதன்மை' என்றால் மெயின் (main) என்ற குறிச்சொல்லோடு மோதும். 'வலியுறுத்தல்' சரியாக இருக்கும். 'பி' (b) என்ற குறிச்சொல்லுக்கு எப்போதும்போல் 'தடித்த எழுத்து'.

பட்டியலில் இஎம், ஐ, ஸ்ட்ராங், பி நான்கையும் தனித்தனி உள்ளீடுகளாக இட வேண்டுகிறேன். ஊன்றலைவிடப் பொருத்தமான சொல் இருந்தால், 'அழுத்து' என்ற வினையோடு மோதாததாகப் பார்த்து எழுதுங்கள்.