திருவட்டாற்றிலிருந்து சிதறால் வரை: குடும்பக் குழுவில் ஞாயிறு இரவு

நாகர்கோவில் சித்தி, 8.10
நேற்று நீங்கள் நடந்துபோன படங்களைப் பார்த்தேன். வருகிற சனிக்கிழமை என் அலுவலகத்துப் பெண்கள் ஆறு பேரும் நானும் அதே வழியில் நடக்கலாம் என்றிருக்கிறோம். எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள்.

நான், 8.26
சித்தி, நாங்கள் காலை 6 மணிக்குத் திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாளைத் தொழச் சென்றோம். 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருப்பவரை மூன்று வாசல்களிலும் தனித்தனியாகப் பார்த்து மனத்துக்குள் ஒன்றுசேர்க்க வேண்டியிருப்பதால், அங்கேயே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிறகு மாத்தூர் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர். தொட்டிப்பாலத்தில் அவசரப்படாதீர்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்கும் தொட்டி வழியாக ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீர் போகிறது. வழக்கமாக அண்ணாந்து பார்க்கும் தென்னையின் கொண்டையை அங்கே குனிந்து பார்க்கிறோம். குருத்துக்குள் அடைந்து கிடக்கும் சருகு வரை தெரிகிறது.

சென்னை அண்ணன், 8.31
அதற்குப் பிறகு வந்த காட்டுவழியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

திருவட்டாறு பெரியப்பா, 8.35
மக்களே, அது காடு அல்ல, ரப்பர்த் தோட்டம். அளவெடுத்து வரிசையாக நட்ட மரங்களைக் காடு என்றால் பேச்சிப்பாறைக்கு மேலே இருப்பதை என்னவென்று சொல்வது? அந்தப் பக்கம் வனத்துறையின் அனுமதியில்லாமல் கால்வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

நான், 8.43
பெரியப்பா சொல்வது சரிதான். ஆனாலும் இந்த மாசி மாதத்தில் அந்தத் தோட்டமும் பார்க்க வேண்டியதுதான். உதிர்ந்த இலையெல்லாம் காலடியில் நொறுங்க, மேலே செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கிறது. மரத்தடியில் தேனீப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக் காம்பின் நுனியில் சுரக்கிறது என்று பெட்டிக்காரர் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார், விரலில் ஒட்டியது. ஒட்டுப்பால் (மரத்திலேயே உறைந்துபோன ரப்பர்ப் பால்) நாற்றத்துக்கு மட்டும் அண்ணன் கைக்குட்டையை எடுத்தான்.

வழி தவறியதையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசி வரைபடத்தை நம்பிக் குறுக்கே போனதில், பூட்டிய தோட்டக் கதவின் முன்னால் போய் நின்றோம். திரும்பி வர ஒரு கிலோமீட்டர். நீங்கள் வரைபடத்தை விட்டுவிட்டுப் பால் வெட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

மார்த்தாண்டம் அத்தை, 8.50
ஒரு கிலோமீட்டருக்கா இவ்வளவு புலம்பல்? உங்கள் பாட்டா சிவராத்திரிக்கு விசிறியைக் கையில் பிடித்துக்கொண்டு, "கோவிந்தா கோபாலா" என்று முன்சிறைத் திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களையும் ஓடி முடித்தவர்.

நான், 9.02
அத்தை, பாட்டா வெறுங்காலோடு ஓடியவர். நாங்கள் வெறுங்காலோடு பத்தடி நடந்தே படாதபாடு பட்டோம். சிதறால் மலையேறி முடிக்கும்போது மணி பதினொன்றரை. கொல்லமா (முந்திரி) மர நிழலில் போகும் கற்பாதை ஒன்றும் சிரமமில்லை. ஆனால் உச்சியில் பகவதி கோயிலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு மொட்டைப் பாறையில் கால் வைத்தபோது தோசைக்கல்லில் மிதித்தது போலிருந்தது. பாறையின் பக்கவாட்டில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் சமணத் தீர்த்தங்கரர்களை நின்று பார்க்க முடியாமல், நிழல் கண்ட இடத்துக்கு ஓடினோம். எனக்கு அது பெரிய வருத்தம். ஏனென்றால், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி பகவதிக்குப் பொன் அணிகள் கொடுத்ததை அது சொல்கிறது. (குறத்தி இல்லை அண்ணா, குரத்தி, குரு என்பதன் பெண்பால்.) அதைத் தேடிப் பார்ப்பதற்காகவே போனவன் நான்.

ஆகவே சித்தி, எங்கள் வழியைத் தலைகீழாக மாற்றிவிடுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து காலையிலேயே பேருந்தில் சிதறாலுக்குப் போய், பாறை சூடேறும் முன் பார்த்துவிட்டு இறங்குங்கள். வெயிலேறும் நேரம் தோட்ட வழியிலும், மாத்தூரில் ஆற்றங்கரையிலும் கழியும். மாலை 5 மணிக்கு மேல் திருவட்டாற்றுக் கோயிலில் முடியுங்கள். தண்ணீரை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்; உச்சியில் சுனை இருக்கிறது, குடிக்க ஆகாது.

திருவட்டாறு பெரியப்பா, 9.10
அதுதான் முறை. பெருமாள் மேற்கு நோக்கிக் கிடப்பவர். சாயங்காலம் பார்ப்பதுதான் அழகு. 418 ஆண்டுகள் கழித்து 2022-இல் குடமுழுக்கு நடந்தபோது கூட்டத்தில் எட்டிப் பார்த்ததோடு சரி, உன் சித்தி அதன்பிறகு வரவே இல்லை.

நாகர்கோவில் சித்தி, 9.14
அத்தான், இந்த முறை கட்டாயம் வருகிறேன். மட்டிப்பழம் இரண்டு சீப்பு வாங்கி வைத்துக்கொள்கிறோம். மதியத்துக்கு வேறு என்ன எடுத்து வரட்டும்?

திருவட்டாறு பெரியப்பா, 9.17
மதியத்துக்கு இலையில் சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். இரவுக்கு ஏழு பேருக்கும் மரச்சீனிக் கிழங்கு அவித்து வைக்கச் சொல்கிறேன். மீன் கறியைக் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பிறகுதான் திறப்போம்.