புதுப்பிப்பு: பழைய விசைப்படகுக்குப் புது இன்ஜின்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியபோது கேட்டிருந்தேன்: சென்னை காசிமேட்டில் நிற்கும் எங்கள் பழைய மரப் படகின் இன்ஜினைப் பிரித்து ரீபோர் செய்வதா (தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து சரிசெய்வது), மொத்தமாக மாற்றுவதா என்று. மாற்றிவிட்டோம். இன்ஜினின் உடலான பிளாக்கிலேயே விரிசல் இருந்ததால் யோசிக்க ஒன்றுமில்லை. 240 ஹெச்.பி.க்கு மேல் போகக் கூடாது என்ற தமிழக விதிக்குள்தான் புதியதும்.

இன்ஜினை இறக்கி வைத்தது பெரிய வேலையில்லை. பாடெல்லாம் அலைன்மென்ட்டில்தான், அதாவது இன்ஜினையும் புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதில்தான். கரையில் சரியாக நின்றது, தண்ணீரில் இறக்கியதும் விலகிவிட்டது. மிதக்கும்போது படகின் உடல் கொஞ்சம் வளையும், மரமும் ஊறும். அதனால் கரையில் பார்த்த கணக்கை நம்பவே வேண்டாம். நன்றாக ஊறிய பிறகு, கியர்பாக்ஸ் கப்ளிங்குக்கும் ஷாஃப்ட் கப்ளிங்குக்கும் (இரண்டையும் இணைக்கும் தட்டுகள்) நடுவே மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கமும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் வரும்வரை மெக்கானிக் அண்ணன் இன்ஜினுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகளை மாற்றி மாற்றி வைத்தார். அந்தப் பொறுமைக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அப்புறம் புரொப்பல்லர். பழையதை மாட்டி முழு வேகம் கொடுத்தால் இன்ஜின் அதற்குரிய சுற்றைத் தொடவில்லை, கரும்புகை வேறு. பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னே தள்ளும் தூரம்) அதிகம். குறைத்து மாட்டியதும் புகை அடங்கியது. இன்ஜின் மாற்றப்போகிறவர்கள் இதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் பேக்கிங் சொட்டுகிறதே என்று இறுக்கிவிடவும் வேண்டாம். ஓடும்போது லேசாகச் சொட்டினால்தான் ஷாஃப்ட் சூடாகாது.