கொழும்பில் முதல் தொழிற்சாலை வேலை தேடுவோருக்கு

தமிழக முகாம்களிலிருந்து திரும்பி இப்போது கொழும்பில் உறவினர் வீடுகளில் தங்கியிருக்கும் இளையவர்கள், முன்னனுபவம் இல்லாமல் தொழிற்சாலையில் சேர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். கட்டுநாயக்க, பியகம ஏற்றுமதி வலயங்களில் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் ஹெல்பர், பெக்கிங், பயிலுநர் மெஷின் ஒபரேட்டர் ஆகிய வேலைகளுக்குப் பட்டமோ அனுபவமோ பெரும்பாலும் கேட்பதில்லை.

அடையாள அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள். இந்தியாவில் பிறந்தவர்கள் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவுசெய்து, குடியுரிமைச் சான்றிதழையும் பெற்றிருந்தால், கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிப்பது சிரமமாக இராது.

அட்டை வரும்வரை சும்மா இருப்பானேன் என்று நான் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் 'மேன்பவர்' முகவர் ஒருவரிடம் நாட்கூலிக்குச் சேர்ந்தேன். மாலையில் கையில் காசு வந்தது உண்மை. ஆனால் எட்டு மாதம் உழைத்த பின்பும் எந்த ஏட்டிலும் என் பெயர் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை, ஊழியர் சேமலாப நிதியில் (தமிழகத்தில் பி.எஃப். என்பது போன்றது) ஒரு சதமும் ஏறவில்லை. ஆகவே, நாட்கூலி சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும் தொழிற்சாலையின் நேரடி ஊழியராகச் சேருவதையே நான் பரிந்துரைப்பேன்.

விளம்பரத்தில் காணும் பெரிய தொகையில் மேலதிக நேரக் கொடுப்பனவு, வரவுக் கொடுப்பனவு, உற்பத்தி ஊக்கத்தொகை எல்லாம் அடங்கியிருக்கும் என்பதாலும், ஒரு நாள் விடுப்பெடுத்தாலே வரவுக் கொடுப்பனவு பெரும்பாலும் குறைந்துவிடும் என்பதாலும், நேர்முகத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, 2026 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அந்தச் சம்பளத்தில் உங்களிடமிருந்து 8 சதவீதம், அதாவது 2,400 ரூபாய், சேமலாப நிதிக்குப் பிடிக்கப்படும். முதலாளி தம் பங்காக 12 சதவீதமான 3,600 ரூபாயையும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமான 900 ரூபாயையும் செலுத்த வேண்டும். தமிழகத்தில் இரு தரப்பும் 12 சதவீதம் கட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள், இங்கே பிடித்தம் குறைவாக இருப்பதைத் தவறென்று எண்ணிவிடாதீர்கள். மேலதிக நேரப் பணத்துக்கு இந்தக் கணக்கு இல்லை.

பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு முடித்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். இடையில் தொழிற்சாலை மாறினால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

தையல் லைனில் பேச்செல்லாம் சிங்களம்தான். எண்களையும் நேரத்தையும் உடைப் பாகங்களின் பெயர்களையும் முன்கூட்டியே பழகிக்கொண்டால் முதல் வாரத்தைத் தாக்குப்பிடிக்கலாம். மிச்சம் சாப்பாட்டு மேசையில் தானாக வரும். கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து கட்டுநாயக்க ஏறத்தாழ 30 கிலோமீட்டர் என்பதால், நிறுவனப் பேருந்து உங்கள் பக்கம் வருகிறதா என்று சேருமுன்பே விசாரியுங்கள். வராவிட்டால் தொழிற்சாலைக்கு அருகே தங்கும் போர்டிங் அறை வாடகையையும் கழித்துவிட்டுச் சம்பளத்தைக் கணக்கிடுங்கள்.