பழைய ஸ்லாட் ஹப்: மாட்யூலில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் பிங் போகவில்லை

பட்டறைக்காரன்:

வணக்கம். கோவை கணபதி பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. ஏழு சிஎன்சி மெஷின் (புரோகிராம்படி தானாக உலோகம் வெட்டுபவை), எல்லாமே செகண்ட் ஹேண்ட். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டர் நிற்கிறது. ஆபீஸில் புரோகிராம் எழுதி அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினால், அது சீரியல் கேபிள் வழியாக மெஷினுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும். இவ்வளவு நாள் பிளாப்பியில்தான் ஓட்டினோம், இப்போது நல்ல பிளாப்பி கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது.

அதனால் காயலாங்கடையில் எடைக்குப் போடப் போன ஒரு ஐந்து ஸ்லாட் ஹப்பை (கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி) வாங்கி வந்தேன். மெயின் பெட்டி, மேனேஜ்மென்ட் கார்டு ஒன்று, பழைய கோஆக்ஸ் கேபிள் மாட்டும் பிஎன்சி மாட்யூல் ஒன்று, இப்போதைய நெட்வொர்க் கேபிள் சொருகும் 12 போர்ட் ஆர்ஜே45 மாட்யூல் இரண்டு. ஐந்தாவது ஸ்லாட் காலி, மூடி கூட இல்லை. எல்லாம் 10 எம்பி (நொடிக்கு 10 மெகாபிட்) காலத்துச் சரக்கு.

ஆன் செய்தவுடன் எல்லா விளக்கும் வந்தது, சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் ஸ்லாட்டில் சொருகிய மூன்று கம்ப்யூட்டர்களுக்கு ஆபீஸிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகிறது. நாலாம் ஸ்லாட்டில் சொருகிய இரண்டுக்கும் போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் பிங் போகவே இல்லை. கேபிள் மாற்றினேன், போர்ட் மாற்றினேன், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டையும் மாற்றினேன். பிஎன்சி மாட்யூலில் ஆரஞ்சு விளக்கு அணையாமல் எரிகிறது. ஆபீஸில் புதிதாக வாங்கிய ஜிகாபிட் சுவிட்சிலிருந்துதான் மூன்றாம் ஸ்லாட்டுக்கு வயர் வருகிறது. ஹப்புக்கு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுக்காததால் இப்படியா? பெட்டியோடு மேனுவல் எதுவும் வரவில்லை.

ரேக்_ராஜா:

அதே காயலாங்கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு எட்டு போர்ட் சுவிட்ச் வாங்குங்கள் பாஸ். ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். 10 எம்பி ஹப்பை வைத்து மல்லுக்கட்ட இது 1996 இல்லை.

பட்டறைக்காரன்:

அதைத்தான் முதலில் நினைத்தேன். பிஎன்சி மட்டும் உள்ள இரண்டு கம்ப்யூட்டர்களை என்ன செய்வது? வேறு கார்டு போடலாம் என்று திறந்தால் நெட்வொர்க் கார்டு இருக்கும் அந்த ஒரு ஐஎஸ்ஏ ஸ்லாட்டை (கம்ப்யூட்டருக்குள் கார்டு சொருகும் பழைய வகை இடம்) விட்டால் மற்றதிலெல்லாம் மெஷின்காரன் கொடுத்த கார்டுகள். அந்த நெட்வொர்க் கார்டின் ஐஆர்க்யூவை (கார்டு கம்ப்யூட்டரைக் கூப்பிடும் எண்) மாற்றினாலே மெஷினுக்குப் புரோகிராம் ஊட்டும் டிஎன்சி சாப்ட்வேர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

பழைய_வயர்:

தம்பி, ஐபியை இதில் இழுக்காதீர்கள். ஹப் என்பது வெறும் ரிப்பீட்டர், ஒரு போர்ட்டில் வந்த சிக்னலைச் சுத்தப்படுத்தி மற்ற எல்லாப் போர்ட்டிலும் துப்பும், அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கு ஐபி தருவது நாம் தூரத்திலிருந்து உள்ளே பார்க்க மட்டும். தராவிட்டாலும் ஓடும்.

உங்கள் நாலாம் ஸ்லாட் கதை வேறு. இந்த மாதிரி ஸ்லாட் பெட்டிகளை ஒரே ஹப் என்று நினைப்பதில்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள். பின்பக்க பேக்பிளேனில் (மாட்யூல்கள் எல்லாம் சொருகும் பலகை) ஈதர்நெட் பாதை ஒன்று இருக்காது, பெட்டியைப் பொறுத்து இரண்டு, மூன்று, நாலு தனித்தனிப் பாதைகள் இருக்கும், செக்மென்ட் என்பார்கள். ஒவ்வொரு மாட்யூலையும், சில பெட்டிகளில் ஒவ்வொரு போர்ட்டையும் கூட, எந்தச் செக்மென்ட்டில் உட்கார வைப்பது என்று நாம் சொல்லலாம். எதிலும் சேர்க்காமல் தனியாக விடவும் வசதி உண்டு. ஒரு செக்மென்ட்டில் இருப்பவனுக்கு அடுத்த செக்மென்ட்டில் இருப்பவன் கண்ணுக்கே தெரிய மாட்டான். நடுவில் இரண்டையும் இணைக்கும் பிரிட்ஜோ ரவுட்டரோ இருந்தால்தான் பேச்சுவார்த்தை.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்றால், ஹப்பில் எல்லாரும் ஒரே 10 எம்பியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஒருவன் பேசும்போது இன்னொருவன் வாயைத் திறந்தால் மோதல். ஐம்பது பேரை ஒரே பாதையில் விட்டால் சந்தைக்கடைதான். அதனால் அக்கவுன்ட்ஸ் ஒரு செக்மென்ட், ஸ்டோர்ஸ் ஒரு செக்மென்ட் என்று பிரித்து வைப்பார்கள். உங்கள் பெட்டியை முன்பு வைத்திருந்தவரும் அப்படிப் பிரித்திருப்பார், அந்த செட்டிங் இன்னும் உள்ளே அப்படியே இருக்கும்.

பச்சை விளக்கு உங்களை ஏமாற்றியதும் இதனால்தான். கார்டும் அந்த ஒரு போர்ட்டும் ஒருவருக்கொருவர் லிங்க் பல்ஸ் அனுப்பிக்கொண்டால் அது எரிந்துவிடும். போர்ட்டுக்குப் பின்னால் பேக்பிளேன் எங்கே போகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒரு சின்னச் சோதனை: நாலாம் ஸ்லாட்டில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங் அடித்துப் பாருங்கள். போனால் மாட்யூல் நன்றாக இருக்கிறது, செக்மென்ட்தான் வேறு. போகாவிட்டால் போர்ட்டுகளைத் தனியாக விட்டிருக்கலாம், அல்லது மாட்யூலே செத்திருக்கலாம்.

உள்ளே போக, மேனேஜ்மென்ட் கார்டில் ஒன்பது பின் கான்சோல் போர்ட் இருக்கும், ஒரு கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டை அதில் மாட்டி செட்டிங்கைப் பார்க்கலாம். 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம். இந்தக் கடைசியை மறந்தால் திரையில் எழுத்து வரும், நீங்கள் அடிப்பது மட்டும் போகாது, அரை நாள் தொலையும். நேர் கேபிளில் ஒன்றும் வராவிட்டால் நல்-மோடம் கேபிளைப் (அனுப்பும் வயரும் வாங்கும் வயரும் இடம் மாறியது) போட்டுப் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆன் செய்யும்போதே ஏதாவது எழுத்து ஓடுகிறதா என்று கவனியுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் கார்டைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அழிப்பதற்கு ஒரு ஜம்பரோ (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) டிப் சுவிட்சோ (குட்டி சுவிட்ச் வரிசை) இருக்கும். சில பழைய மாட்யூல்களில் செக்மென்ட்டையே போர்டில் உள்ள ஜம்பரால்தான் மாற்ற வேண்டும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

கழற்றும்போது கரண்டை நிறுத்திவிடுங்கள். ஓடும்போதே கழற்றலாம் என்று சில பெட்டிகள் சொல்லும், மேனுவல் கையில் இல்லாத பெட்டியில் அந்த வீரம் வேண்டாம். வெறும் கையால் கார்டைத் தொடும் முன் மெயின் பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடுங்கள். இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் சரியாக உட்கார்ந்த பிறகு தள்ளி, பின் கனெக்டர் நறுக்கென்று இறங்கியதும் திருகுகளை முடுக்குங்கள். காலி ஸ்லாட்டுக்குத் தகரத்தில் ஒரு மூடி வெட்டிப் போட்டுவிடுங்கள். திறந்திருந்தால் ஃபேன் காற்று அந்த ஓட்டை வழியாகவே போய்விடும், கார்டுகளுக்குப் போகாது. பட்டறையில் இரும்புத்தூள் வேறு பறக்கும்.

பட்டறைக்காரன்:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. நாலாம் ஸ்லாட்டுக்குள் பிங் போகிறது! நல்-மோடம் கேபிளில்தான் கான்சோல் வந்தது, பாஸ்வேர்டு கேட்கவில்லை. மெனுவில் பிஎன்சியும் மூன்றாம் ஸ்லாட்டும் செக்மென்ட் 1, நாலாம் ஸ்லாட் மட்டும் செக்மென்ட் 2. அதை 1-க்கு மாற்றினேன், உடனே எல்லாம் கிடைத்தது. சாப்பிட்டு வருவதற்குள் கரண்ட் போய் வந்தது, பார்த்தால் பழையபடி 2. இது என்ன கூத்து?

பழைய_வயர்:

சேமிக்காமல் வந்திருப்பீர்கள். மெனுவில் தனியாக ஒரு சேவ் இருக்கும், அதைக் கொடுத்தால்தான் நிரந்தர நினைவில் எழுதும்.

ஆனால் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், 2-லேயே இருக்கட்டும். ஆபீஸ் சுவிட்சிலிருந்து இன்னொரு வயரை நாலாம் ஸ்லாட்டுக்கு இழுங்கள். சுவிட்ச்தான் பிரிட்ஜ், அதுவே இரண்டு செக்மென்ட்டையும் சேர்த்துவிடும், மோதலும் இரண்டாகப் பிரிந்துவிடும், இரண்டுக்கும் தனித்தனி 10 எம்பி. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு வயர் போட்ட பிறகு எவனாவது நாலாம் ஸ்லாட்டைச் செக்மென்ட் 1-க்கு மாற்றினால் அது வளையம். எல்லாருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் போதும், சுற்றிச் சுற்றி வந்து மொத்த ஆபீஸையும் படுக்க வைத்துவிடும். ஸ்பானிங் ட்ரீ (வளையத்தைக் கண்டுபிடிக்கும் வசதி) உள்ள சுவிட்ச் என்றால் ஒரு வயரை அடைத்துத் தப்பித்துக்கொள்ளும், சாதா சுவிட்சுக்கு அந்த அறிவு கிடையாது. பெட்டியின் மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

லேப்_டீச்சர்:

பிஎன்சி மாட்யூலில் மோதலைக் காட்டும் அந்த ஆரஞ்சு விளக்கை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். நான் ஒரு பாலிடெக்னிக்கில் நெட்வொர்க் லேப் எடுக்கிறேன், பிள்ளைகளுக்கு மோதல் என்றால் என்ன என்று காட்டவே ஒரு பிஎன்சி லைன் இன்னும் வைத்திருக்கிறேன். அணையாமல் எரிகிறது என்றால் முதலில் டெர்மினேட்டரை (கேபிளின் முனையில் மாட்டும், உள்ளே ரெசிஸ்டர் உள்ள மூடி) பாருங்கள். இரண்டு முனையிலும் 50 ஓம் இருக்க வேண்டும். ஹப்பின் பிஎன்சி போர்ட்டுக்குள்ளேயே டெர்மினேட்டர் இருந்தால் அது ஒரு முனையாகக் கணக்கு.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டரின் கார்டிலிருந்து டி-யை (T வடிவக் கனெக்டர்) மட்டும் கழற்றி (இரண்டு பக்கக் கேபிளும் அதிலேயே இருக்கட்டும்), கார்டில் சொருகும் பக்கத்தில் நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் மல்டிமீட்டர் வையுங்கள். 25 ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டினால் இரண்டு முனையும் சரி, இரண்டு 50 பக்கத்துக்குப் பக்கம் இருப்பதால் 25. ஐம்பதுக்குப் பக்கம் காட்டினால் ஒரு முனை இல்லை, அல்லது நடுவில் கேபிள் அறுந்திருக்கிறது. கோஆக்ஸில் மோதலைக் கார்டு கண்டுபிடிப்பதே வயரில் வோல்டேஜ் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துத்தான். ஒரு டெர்மினேட்டர் இல்லாவிட்டால் ஒருத்தி மட்டும் பேசினாலும் வோல்டேஜ் இரண்டு மடங்காகும், இரண்டு பேர் பேசுகிறார்கள் என்று நினைத்து விளக்கைப் போட்டுவிடும். முப்பது தடவைக்கு மேல் தொடர்ந்து மோதினால் ஹப் அந்தப் போர்ட்டையே தற்காலிகமாக ஒதுக்கி வைத்துவிடும், மற்றவர்கள் பிழைப்பது அதனால்தான்.

அப்புறம் கேபிள் என்ன கேபிள் என்று எழுத்தைப் படியுங்கள். ஆர்ஜி-58 ஆக இருக்க வேண்டும். கேபிள் டிவி வயரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், அது 75 ஓம்.

பட்டறைக்காரன்:

மேடம், 51 காட்டியது. கடைசி மெஷினுக்குப் பின்னால் பீரோ நகர்த்தும்போது யாரோ டெர்மினேட்டரைப் பிடுங்கி டூல் டிராயரில் போட்டிருக்கிறார்கள், திருகு என்று நினைத்தார்களாம். நடுவில் நாலு மீட்டர் டிவி வயரும் இருக்கிறது, எலக்ட்ரீஷியன் புண்ணியம். டெர்மினேட்டரைப் போட்டவுடன் விளக்கு சும்மா மினுக்குகிறது, நிலையாக எரியவில்லை. டிவி வயரை இந்த வாரம் மாற்றிவிடுகிறேன்.

இன்னும் ஒரு தலைவலி. எல்லாருக்கும் பிங் போகிறது, ஆனால் ஒரு 400 கேபி புரோகிராமை அனுப்பினால் நின்று நின்று போகிறது, சில நேரம் பாதியில் அறுந்துவிடுகிறது. ஆபீஸ் சுவிட்சில் ஹப் போகும் போர்ட்டை நானே 10 எம்பி ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும்) என்று வைத்தேன், வேகமாக இருக்கட்டும் என்று.

ரேக்_ராஜா:

அங்கேதான் பாஸ் ஓட்டை. ஹப்புக்கு ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது, அது எப்போதும் ஹாஃப்தான், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். உங்கள் சுவிட்ச் யார் பேசுகிறார்கள் என்று காதே கொடுக்காமல் நினைத்த நேரத்தில் அனுப்புகிறது, அந்தப் பக்கம் டாஸ் கம்ப்யூட்டர் பேசிக்கொண்டிருந்தால் டமால். மோதியது சுவிட்சுக்குத் தெரியாது, அதனால் அது திரும்ப அனுப்பவும் செய்யாது. பிங் ஒரு சின்ன பாக்கெட், ஒருவர் கேட்டு ஒருவர் பதில் சொல்லும் வேலை, மோத வாய்ப்பு குறைவு, அதனால் தப்பிவிடுகிறது. ஃபைல் போகும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச்சு. சுவிட்சின் போர்ட் கணக்கைப் பாருங்கள், சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகும்.

ஆட்டோவில் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம் ஆட்டோ பேசத் தெரியாதவன் என்றால் சுவிட்ச் லிங்க் பல்ஸைப் பார்த்து 10 என்று கண்டுபிடித்து, டூப்ளெக்ஸை ஹாஃப் என்று தானே எடுத்துக்கொள்ளும். கையால் போட்டால் சில சுவிட்சுகளில் நேர் கேபிளா, கிராஸ் கேபிளா (அனுப்பும், வாங்கும் வயர்கள் மாறியது) என்று தானாகப் புரிந்துகொள்ளும் வசதியும் போய்விடும், அதனால் நீங்கள் கிராஸ் கேபிள் போட்டிருந்தால் ஆச்சரியமில்லை.

காயலாங்கடைக்குக் கொடு என்று நான் சொன்னதில் இப்போதும் மாற்றமில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

பட்டறைக்காரன்:

கிராஸ் கேபிள்தான் போட்டிருக்கிறேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்!

ஆட்டோவில் போட்டேன், 10 ஹாஃப் என்று தானே வந்து உட்கார்ந்தது. அதே புரோகிராம் இரண்டு வினாடி கூட ஆகவில்லை, ஐந்து தடவை அனுப்பிப் பார்த்துவிட்டேன். நாலாம் ஸ்லாட்டுக்குத் தனி வயரும் இழுத்தாயிற்று, செக்மென்ட் 2-ஐ சேவ் செய்து, மெயின் சுவிட்சை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், அப்படியே நிற்கிறது. பெட்டி மேல் தாளும் ஒட்டியாயிற்று: "நாலாம் ஸ்லாட்டைத் தொடாதே, கேள்வி இருந்தால் என்னைக் கூப்பிடு."

பழைய_வயர்:

நல்லது. ஒரே ஒரு வேலை பாக்கி. அந்தப் பெட்டிக்குப் பவர் சப்ளை ஒன்றுதானே? அது போனால் ஏழு மெஷினும் நிற்கும், இந்த வயசில் அதன் கெப்பாசிட்டர்களை நம்ப முடியாது. இதே மாடல் மறுபடி கண்ணில் பட்டால் மாட்யூலைப் பார்க்காமல் பவர் சப்ளையைக் கழற்றி வாங்கி வையுங்கள். ஒரு பிஎன்சி போர்ட் உள்ள சின்ன எட்டு போர்ட் ஹப் கிடைத்தாலும் விடாதீர்கள். அவசரத்துக்கு அந்த இரண்டு பிஎன்சி கம்ப்யூட்டர்களை அதில் மாட்டி சுவிட்சில் சொருகிவிடலாம், மற்ற ஐந்தும் நேராக சுவிட்சுக்கே போகட்டும்.

ரேக்_ராஜா:

அதைத்தானே அண்ணா நான் முதலிலேயே சொன்னேன்.